மொட்டைமாடிக்கு முந்நூற்று மூன்று

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள்
எர்ணாவூர் வரைக்கும் நிற்கின்றன.
ஒருத்தன் ஹாரன் அடித்தால் நாற்பது பேர் அடிக்கிறார்கள்.
இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை.
சுண்ணாம்பு உதிர்ந்து சும்மா நிற்கிற
தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு உண்டு.

சூடு என்று ஒன்று இருக்கிற எதுவும் இரைகிறது.
காதுக்கு அல்ல,
எண்ணெய் டின் நாலைப் பிரித்து
நான் பற்றவைத்த இந்தத் தகரக் கொம்புக்கு.

பகலில் எனக்கு ஹார்பரில் ரீஃபர் பெட்டிகள்.
இறாலுக்கு மைனஸ் பதினெட்டு, மாத்திரைக்கு ஐந்து,
எழுதிக் கையெழுத்துப் போட்டால் சம்பளம்.
இரவிலும் அதே பழக்கம்தான்,
எல்லாவற்றோடும் இருநூற்று எழுபத்துமூன்றைக் கூட்டிக்கொள்கிறேன்.
உறைந்த இறால்கூட இருநூற்று ஐம்பத்தைந்து.
மொட்டைமாடித் தரை முந்நூற்று மூன்று.
மேகமில்லாத சித்திரை வானம்
பத்துக்குப் பக்கம்.

கொம்பைத் தரைக்குக் கவிழ்த்து ஒரு அளவு.
மேலே நிமிர்த்தி ஒரு அளவு.
முதலாவதை இரண்டாவதால் வகுத்தேன்.
இரண்டு. வெறும் இரண்டு.
முந்நூற்று மூன்றில் இரண்டு பத்தைக் கழி,
இரண்டில் ஒன்று போக மீதி ஒன்றால் வகு:
இருநூற்று எண்பத்துமூன்று.
அது வானத்தினுடையது இல்லை.
என் கருவி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கூச்சல்.
பால்வீதியின் ஹைட்ரஜனைக் கேட்கிறேன் என்று
ஏழு வாரமாய்
என் நெஞ்சுச் சளியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆம்பிளிஃபையரைச் சந்தேகித்தேன். பாவம், அது யோக்கியம்,
நாற்பத்துமூன்றுக்கு மேல் அதனிடம் இல்லை.
கேபிள்.
ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய
மூன்று மீட்டர் கறுப்புக் கேபிள்,
கொம்புக்கும் ஆம்பிளிஃபையருக்கும் நடுவில்.

காசிமேட்டு ஏலத்தில் ஒரு தரகர்.
கூடையிலிருந்து தன் பங்கு மீனை எடுத்துக்கொண்டு
எடுத்த இடத்தைத் தன் தொண்டையால் நிரப்புவார்.
அதே ஆள்தான் இது.
நூறு வந்தால் நாற்பத்தொன்றை விழுங்கி
விழுங்கிய அளவுக்குத்
தன் சொந்தச் சூட்டை ஊற்றி அனுப்புகிறது.

நேற்று ஆம்பிளிஃபையரைக் கொம்பின் இடுப்பிலேயே திருகினேன்.
கேபிள் இப்போது அதற்குப் பின்னால்.
முன்னால் நிற்பவன் உரக்கச் சொல்லிவிட்டால்
பின்னால் நிற்பவனின் முணுமுணுப்பு எடுபடாது.

தரை. வானம். வகுத்தால் ஐந்து.
முந்நூற்று மூன்றில் ஐம்பது போக, நான்கால் வகுக்க,
அறுபத்துமூன்று.
நம்பாமல் மறுபடி தரை, மறுபடி வானம்.
அறுபத்துமூன்றேதான்.

காய்ந்த யூனிஃபார்ம் எடுக்க
மூன்றாம் வீட்டு பல்கீஸ் ஏறி வந்தாள்.
"இன்னாது, நம்ப எண்ண டின்னா?"
குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.
திரையில் கோடு எகிறியது.
"இன்னா ஆச்சு?"
"நீதான். முந்நூத்திப் பத்து."
"ஜுரமா?"
"அதெல்லாம் இதுல தெரியாது.
செவுத்துக்கும் உனக்கும் ஏழுதான் வித்தியாசம்."
"வூட்லயும் அதான் சொல்றாங்கோ."

அவள் நகர்ந்ததும் கோடு இறங்கியது.
இனி பொறுமை ஒன்றுதான் பாக்கி.
வானத்துப் பத்தையும் சேர்த்து எழுபத்துமூன்று.
பத்தாயிரம் ஹெர்ட்ஸ் அகலம், நூறு நொடி,
பெருக்கினால் பத்து லட்சம், வர்க்கமூலம் ஆயிரம்.
எழுபத்துமூன்றின் நடுக்கம்
ஆயிரத்தில் ஒரு பங்காய் அடங்கும்.
நூறு மடங்கு காத்திருந்தால் பத்து மடங்கு தெளியும்.
கீழே லாரிக்காரர்களுக்கு
இதைவிட மோசமான வாய்ப்பாடு மனப்பாடம்.

எண்பது நொடி ஆகிறது.
ஆயிரத்து நானூற்று இருபதுக்குச் சற்று வலப்பக்கம்
ஒரு மேடு.
அல்லது மேடு மாதிரி.
மணலிப் பக்கம் தீ நாக்கு ஒருமுறை நீண்டு சுருங்கியது.
பல்கீஸ் படியில் நின்றபடி சொல்கிறாள்,
"அத்த கவுக்கறதுக்கு முன்ன சொல்லு,
கொடில இன்னும் துணி கீது."
நான் வாய் திறக்கவில்லை.
இன்னும் இருபது நொடி.